அம்மாவின் கீழ் செட் நிற்கவில்லை: இரண்டு இம்பிளான்ட் போதுமா?

கருங்கலில் இருக்கும் அம்மாவுக்கு 68 வயது. பல் எல்லாம் எடுத்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. மேல் பல்செட் நன்றாக நிற்கிறது, கீழ் செட் மட்டும் சாப்பிடும்போது மிதந்து வருகிறது, கட்டிய மூன்றாவது செட்டும் இப்படியே என்று மஸ்கட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். ஒரு மருத்துவர் கீழ்த்தாடை எலும்பில் இரண்டு இம்பிளான்ட், அதாவது சிறு டைட்டானியத் திருகு, வைத்து அதில் செட்டை மாட்டலாம் என்கிறார். இன்னொருவர் நாலோ ஆறோ வைத்துக் கழற்றவே வேண்டாத பல்வரிசையாகக் கட்டிவிடலாம் என்கிறார். சுகர் இருக்கிறது, இந்த வயதில் எலும்பில் ஆணி அடிப்பதா என்று மாமா தடுக்கிறார். மூன்று வார லீவுக்குள் எதை முடிக்கலாம் என்று கேட்கிறீர்கள். நான் படித்த வரையில், நீங்கள் உண்மையில் கேட்பது எண்ணிக்கையைப் பற்றி அல்ல. அம்மா மறுபடியும் எல்லோரோடும் உட்கார்ந்து மரச்சீனியும் மீனும் சாப்பிட என்ன வழி, அதற்குப் போடும் பணம் வீணாகாமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. அதற்கே பதில் எழுதுகிறேன். நான் நாகர்கோவில் பக்கம் செயற்கைப் பல் சிறப்பு மருத்துவராக இருக்கிறேன். இந்த மாவட்டத்து முதியவர்களுக்குச் செட் கட்டுவதுதான் பல வருடமாக என் அன்றாட வேலை. ஆனாலும் அம்மாவின் வாயையும் எக்ஸ்ரேயையும் பார்க்காமல் எழுதும் பதில் இது. கடைசி முடிவை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

முதலில், மூன்று செட்டும் நிற்காமல் போனது அம்மாவின் குற்றம் அல்ல. பல சமயம் கட்டிய மருத்துவரின் குற்றமும் அல்ல. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு உட்காருகிறது. இடையில் இருக்கும் மெல்லிய எச்சில் படலமும், காற்று புகாத விளிம்பும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன. கீழ் செட்டுக்கு அந்த வசதி இல்லை. லாட வடிவத்தில் ஒரு மெல்லிய பட்டை, மேல் செட்டின் பரப்பில் ஏறக்குறையப் பாதி. நடுவில் ஓயாமல் அசையும் நாக்கு, வெளியே கன்னமும் உதடும். பேசினாலும் விழுங்கினாலும் இவை எல்லாம் அதைத் தள்ளுகின்றன. போதாததற்கு, பல் போன இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகிறது. பல் எடுத்த முதல் வருடத்தில் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். 25 வருடம் தொடர்ந்து கவனித்து 1972ல் வெளியான ஓர் ஆய்வில், கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு உயரத்தை இழந்திருந்தது. ஆக, ஒவ்வொரு புது செட்டும் முந்தையதைவிடத் தாழ்ந்த மேட்டின் மேல்தான் உட்காருகிறது. மேல் செட் நிற்க, கீழ் செட் மட்டும் மிதப்பது என் அறைக்கு வருகிற புகார்களில் மிகச் சாதாரணமானது.

ஆனால் இம்பிளான்டைப் பற்றிப் பேசும் முன்னால் அந்தச் செட்டை ஒருவர் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இம்பிளான்ட் ஒரு மோசமான செட்டை நல்ல செட்டாக மாற்றாது. என்னிடம் வருகிறவரிடம் முதலில் வாயை மெல்லத் திறக்கச் சொல்லி, நாக்கு எங்கே கிடக்கிறது என்று பார்ப்பேன். நாக்கின் நுனி கீழ்ப் பற்களைத் தொட்டபடி இருந்தால் செட் ஓரளவு நிற்கும். நாக்கைப் பின்னால் இழுத்து வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் தூக்கும். பிறகு விளிம்பு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பேன். புண் வருகிறது என்று ஒவ்வொரு முறையும் ராவி ராவி, உட்கார வேண்டிய இடத்தில் பாதியே இல்லாத செட்கள் நிறைய வருகின்றன. பற்கள் தேய்ந்து தட்டையாகி, வாயை மூடும்போது மூக்கும் தாடையும் நெருங்கி, கடைவாய் ஓரம் எப்போதும் ஈரமாகப் புண்ணாக இருக்கிறதா என்பதும் முக்கியம். இவற்றைச் சரிசெய்து, உள்பக்கத்துக்குப் புது லைனிங் கொடுத்ததும், இதுவே போதும் என்று சொல்லிப் போகிறவர்கள் உண்டு. அம்மாவுக்கு எலும்பு ஓரளவு மிச்சம் இருந்தால் அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம். இரண்டு மருத்துவர்களில் யார் அம்மாவின் பழைய செட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார் என்று கேளுங்கள். அந்த ஒரு விவரம் எனக்கு நிறையச் சொல்லும்.

செட் நன்றாக இருந்தும் எலும்பு போதாமல் மிதக்கிறது என்றால், இரண்டு இம்பிளான்ட் சொன்னவர் பக்கம்தான் நான் நிற்பேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2002ல் கனடாவின் மான்ட்ரியலில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் எடுத்துச் சொல்ல வேண்டிய சிகிச்சை இரண்டு இம்பிளான்ட்டில் மாட்டும் செட்தான் என்று அறிவித்தார்கள். 2009ல் இங்கிலாந்தின் யார்க்கிலும் அதே கருத்து உறுதி செய்யப்பட்டது. செய்முறையும் சிக்கலானது அல்ல. கீழே கோரைப்பல் இருந்த இடத்தில் இடம் ஒன்று, வலம் ஒன்று. பல் எல்லாம் போன பிறகும் கீழ்த்தாடையின் முன்பகுதியில் எலும்பு கெட்டியாக மிஞ்சியிருக்கும். உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் வெளியே வருகிறது, அதனால் முன்பக்கம் பாதுகாப்பும் கூடுதல். அந்த இரண்டின் தலையிலும் ஒரு சிறு குமிழ் இருக்கும், செட்டின் உள்பக்கம் அதற்கேற்ற வளையம் இருக்கும். சட்டையில் டிச் பட்டன் போடுவதுபோல் அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கழன்றுவிடும். கீழ்த்தாடை முன்பகுதியில் வைக்கும் இம்பிளான்ட்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பல வருடம் நிற்கின்றன. பல் மருத்துவத்தில் இவ்வளவு நம்பகமான சிகிச்சைகள் அதிகம் இல்லை.

மாமா சொல்லும் ஆணி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அம்மாவும் அதைக் கேட்டுப் பயந்திருப்பார். இங்கே எதுவும் அடிக்கப்படுவதில்லை. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய துளையிட்டு, படிப்படியாக அகலப்படுத்தி, டைட்டானியம் திருகை மெதுவாகத் திருகி இறக்குகிறோம். குளிர்ந்த உப்புநீரை ஊற்றிக்கொண்டேதான் துளையிட வேண்டும். எலும்பு 47 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே அதன் உயிரணுக்கள் கெட ஆரம்பிக்கும். டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டிக்கொள்ளும் என்பதை 1950களில் முயல்களின் கால் எலும்பில் கவனித்தவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பிரோனமார்க். 1965ல் முதல் மனிதருக்குப் பொருத்தினார். அதன் பிறகு எத்தனையோ புதுக் கருவிகள் வந்துவிட்டாலும் அடிப்படை அதேதான். பல் பிடுங்கியதைவிட இது லேசாக இருந்தது என்று மறுநாள் சொல்பவர்கள் பலர். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். எலும்பின் உள்பக்கச் சுவரைத் துளைத்துவிட்டால் நாக்குக்கு அடியில் ரத்தம் கட்டி மூச்சையே அடைக்கலாம். அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. வெறும் எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியும், தடிமன் தெரியாது. அதனால் முப்பரிமாண ஸ்கேன் எடுக்காமல் வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

வயது ஒரு தடை அல்ல. எண்பது தாண்டியவர்களுக்கும் எலும்பு ஒட்டுகிறது. சுகரும் தானாகத் தடை அல்ல, கட்டுப்பாட்டில் இல்லாத சுகர்தான் தடை. மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 7 பக்கத்தில் இருந்தால் தைரியமாகச் செய்யலாம். 8க்கு மேல் என்றால் முதலில் அதை இறக்கிவிட்டு வரச் சொல்வேன், அவசரம் ஒன்றும் இல்லை. ரத்தம் இளகுவதற்கு மாத்திரை சாப்பிட்டால் இதய மருத்துவரைக் கேட்காமல் வீட்டிலேயே நிறுத்திவிடக் கூடாது. இரண்டு விஷயத்தை மட்டும் குடும்பத்தினர் மறந்துவிடுகிறார்கள். ஒன்று, எலும்புத் தேய்மானத்துக்கு வருடத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசி. தினசரி மாத்திரை இல்லாததால் மருந்துப் பட்டியல் கேட்கும்போது அது நினைவுக்கு வராது. ஆனால் சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்ற ஊசிகள் போட்டவர்களுக்குத் தாடை எலும்பில் கை வைத்தால் ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. புற்றுநோய்க்காக அடிக்கடி போடுகிறவர்களுக்கு அது இன்னும் அதிகம். இரண்டாவது வெற்றிலை. நம் பக்கத்து அம்மாமார் பலருக்குப் புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம் உண்டு. அதைக் கேட்டால் சங்கடப்பட்டு இல்லை என்பார்கள். புகையிலை ஈறு ஆறுவதைக் கெடுக்கும். பாக்கு வருடக்கணக்கில் கன்னத்தைத் தடிக்க வைத்து வாய் திறக்க முடியாமல் செய்யும். திறக்காத வாயில் துளையிடும் கருவி நுழையாது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு இருந்தால், செட்டைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும்.

இப்போது நாலு, ஆறு வைத்து நிலையாகக் கட்டும் யோசனை. அது தவறான சிகிச்சை அல்ல. கழற்ற வேண்டாம், மெல்லும் பலம் கூடுதல், சொந்தப் பல் போன்ற நிம்மதி. நாற்பது வயதில் பல் இழந்தவர் கேட்டால் நான் அதைத்தான் முதலில் சொல்வேன். உங்கள் அம்மாவுக்குத் தயங்குவதற்குக் காரணம் பணம் மட்டும் அல்ல, அது பல மடங்கு ஆகும் என்றாலும். நிலையான பல்வரிசையின் அடியில் உணவு போய்த் தங்கும். அதை மெல்லிய பிரஷ்ஷும் தண்ணீர்ப் பீச்சியும் வைத்துத் தினமும் எடுக்க வேண்டும். இப்போது 68 வயதில் எடுப்பார். 78ல் கை நடுங்கும்போது, கண் மங்கும்போது யார் எடுப்பது? சுத்தம் இல்லாவிட்டால் இம்பிளான்டைச் சுற்றி ஈறு வீங்கி, சீழ் வைத்து, பிடித்திருக்கும் எலும்பே கரையும். கழற்றி மாட்டும் செட் என்றால் மருமகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ கழற்றிக் கழுவிக் கொடுத்துவிடலாம். படுக்கையில் விழுந்தவர்களுக்குக்கூட அது சாத்தியம்.

அதே சமயம் கழற்றி மாட்டும் செட்டுக்கும் கை வேண்டும், இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. இரண்டு கட்டைவிரல் நகத்தையும் செட்டின் இரு ஓரத்திலும் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் நேராக மேலே தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் வளையம் சீக்கிரம் பிய்யும். மாட்டும்போது விரலால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். வாயில் போட்டுக் கடித்து உட்கார வைப்பது எல்லோரும் செய்வது, வளையத்தையும் குமிழையும் தேய்ப்பதும் அதுதான். மூட்டு வாதத்தால் விரல் மடங்காதவருக்குப் பிடி அதிகமான வளையம் போட்டுக் கொடுத்தால் கழற்றவே முடியாமல் இரவும் பகலும் வாயிலேயே வைத்திருப்பார், உள்ளே பூஞ்சை பிடிக்கும். இப்போது அதிகம் புழங்கும் வகையில் வளையத்தின் நிறத்தை வைத்துப் பிடி தெரியும்: வெள்ளையில் அதிகம், இளஞ்சிவப்பில் நடுத்தரம், நீலத்தில் குறைவு. நான் பெரும்பாலும் நீலத்தில் ஆரம்பித்து, போதவில்லை என்றால் ஏற்றுவேன். அம்மாவை நேரில் பார்க்கும்போது சட்டைப் பட்டன் போடச் சொல்லிப் பாருங்கள். அதைத் தடுமாறாமல் போட்டால் இதையும் பழகிவிடுவார்.

நைலான் வளையங்கள் தேயும். சிலருக்கு ஆறு மாதத்தில், சிலருக்கு ஒன்றரை வருடத்தில் மாற்ற வேண்டி வரும். மாற்றுவது சில நிமிட வேலை, ஆனால் அந்த வளையம் கைவசம் உள்ள இடம் வேண்டும். ஆகவே ஒரு தடவை வந்து போகும் மருத்துவரைவிட, கருங்கலிலிருந்து பஸ் ஏறிப் போய்வரக்கூடிய தூரத்தில், பல வருடம் அங்கேயே இருக்கப் போகிறவராகப் பாருங்கள். இம்பிளான்ட் பெட்டியோடு கம்பெனி, அளவு, தொகுதி எண் எழுதிய ஸ்டிக்கர் வரும். அதை வாங்கி ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். மருத்துவரை மாற்ற நேர்ந்தால், எந்தக் கம்பெனி என்று தெரியாமல் சரியான திருப்புளிகூடக் கிடைக்காமல் அலைய வேண்டி வரும். செலவு தாங்காது என்றால் குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருவனந்தபுரத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் கண்காணிப்பில் கவனமாகச் செய்கிறார்கள்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இம்பிளான்ட் செட்டை நழுவாமல் பிடிக்கும், ஆனால் கடைவாய்ப் பக்கம் பாரம் ஈறின் மேல்தான் விழும். அவித்த மரச்சீனி, மீன், பயறு, புட்டு, மட்டிப்பழம் எல்லாம் நிம்மதியாகச் சாப்பிடலாம். நேந்திரங்காய் சிப்ஸும் ஓரளவு. கரும்பு கடிக்க முடியாது. மீன் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. மேல் செட் அண்ணத்தை மூடியிருப்பதால் முள் இருப்பது தெரியாமலே விழுங்கிவிடுவது செட் போட்டவர்களுக்கு உள்ள உண்மையான ஆபத்து. கீழே இம்பிளான்ட் வைத்து வேகமாக மெல்லத் தொடங்கியதும் இது கூடலாம். சாளை மீனை முள் எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். மேல் செட்டின் அண்ணப் பகுதியை வெட்டித் திறக்க வேண்டும் என்றால் மேலே நாலு இம்பிளான்டாவது வேண்டும், அங்கே எலும்பு மென்மை. மேல் செட் நன்றாக நிற்கும்போது அதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் கீழே முன்பக்கம் பிடி வந்ததும் அவர் முன்பல்லால் கடிக்கத் தொடங்குவார், மேல் செட்டின் முன்பகுதியில் அழுத்தம் கூடும். அதனால் மேலேயும் வருடம் ஒருமுறை பார்த்து லைனிங் கொடுக்க வேண்டும்.

உறுதியாகச் சொல்ல முடிந்தவை இவை. உறுதி குறைந்தவையும் உண்டு. இரண்டுக்குப் பதில் நாலு வைத்து அதே கழற்றும் செட்டை மாட்டினால் சுகம் இரட்டிப்பாகுமா என்றால், ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் நோயாளிகளின் திருப்தியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்று மில்லிமீட்டருக்கும் மெலிந்த மினி இம்பிளான்ட் மலிவு, வெட்டும் குறைவு. எலும்பு மிக மெலிந்தவர்களுக்கு நானும் யோசிப்பேன். ஆனால் சாதாரண இம்பிளான்டுக்கு இருக்கும் நீண்டகால அனுபவம் அதற்கு இல்லை. இம்பிளான்ட் வைத்ததும் உடம்பு தேறிவிடும், சத்து ஏறிவிடும் என்று விளம்பரம் சொல்வதையும் முழுவதாக நம்பாதீர்கள். மெல்லும் திறன் கூடுகிறது, மனத்திருப்தி கூடுகிறது. ரத்தப் பரிசோதனையில் சத்து கூடியதாக எல்லா ஆய்வும் காட்டவில்லை.

மூன்று வார லீவு விஷயம். வளைகுடாவில் இருந்து வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த அவசரம் உண்டு, எனக்குப் புரிகிறது. கீழ்த்தாடையில் எலும்பு ஒட்ட ஏறக்குறைய மூன்று மாதம் கொடுப்பது வழக்கம். பொருத்தும்போதே பிடி மிக நன்றாக அமைந்தால் சில நாளிலேயே செட்டை மாட்டலாம், அதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்தப் பிடி கிடைக்குமா என்பது திருகி முடித்த பிறகுதான் தெரியும். விமான டிக்கெட்டை வைத்து அதை முன்கூட்டியே வாக்குக் கொடுக்கும் மருத்துவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். சுகர் உள்ளவருக்கு நான் காத்திருக்கவே சொல்வேன். இந்த லீவில் ஸ்கேன், ஹெச்பிஏ1சி, பழைய செட்டைச் சரிபார்ப்பது, தேவைப்பட்டால் புது செட் கட்டுவது, உடல் இடம் கொடுத்தால் இம்பிளான்ட் வைப்பது, இவ்வளவு செய்யலாம். காத்திருக்கும் மாதங்களில் அதே செட்டை, இம்பிளான்ட் இருக்கும் இடத்தில் உள்பக்கம் குடைந்து மெத்தென்ற லைனிங் கொடுத்து, போட்டுக்கொள்ளலாம். குமிழை மாட்டும் நாளில் நீங்கள் அருகில் இருக்க வேண்டியதில்லை. அந்த நாளில் வேறு யாராவது கூடப் போய், கழற்றவும் மாட்டவும் அவரும் சேர்ந்து கற்றுக்கொண்டால் போதும்.

உங்கள் கேள்வி முழுவதும் நீங்கள், மாமா, இரண்டு மருத்துவர்கள் என்ன சொன்னீர்கள் என்று இருக்கிறது. அம்மா என்ன சொன்னார் என்று இல்லை. கனடாவில் ஓர் ஆய்வுக்காக முதியவர்களுக்கு இலவசமாகவே வைத்துத் தருகிறோம் என்று சொன்னபோதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்றுவிட்டார்கள். அம்மாவும் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. நல்ல லைனிங்கும், கடையில் கிடைக்கும் செட் ஒட்டும் பசையும் வைத்து இன்னும் சில வருடம் ஓட்டலாம். அதனால் அடுத்த முறை போனில் பேசும்போது செட் எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்காதீர்கள், நல்லா இருக்கு மக்களே என்றுதான் பதில் வரும். வலிக்கிறதா, நழுவுகிறதா, கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரக் கூச்சமாக இருக்கிறதா, எதைச் சாப்பிட முடியாமல் விட்டுவிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வலி என்றால் முதலில் செட்டைச் சரிபார்ப்பது, நழுவல் என்றால் எலும்பைப் பார்ப்பது. மருத்துவரிடம் போகும்போது இந்தப் பதில்களையும் மருந்துச் சீட்டுகளையும், வீட்டில் எங்காவது போட்டு வைத்திருக்கும் பழைய செட்கள் மூன்றையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை.